உதை ஆர் சொன்னது?

எங்கள் பத்திரிகைக்குப் புதிதாக வருகிறவர்களை முதலில் மரண அறிவித்தல் மேசையில்தான் இருத்துவோம். பிள்ளைகளுக்கு முகம் சுருங்கும். அரசியல் எழுதலாம், காணி விடுவிப்புப் பற்றி எழுதலாம் என்று வந்தவருக்கு, "யாழ். கொக்குவிலைப் பிறப்பிடமாகவும், கனடாவை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கும் வரிகளை நாள் முழுக்கத் தட்டச்சுச் செய்வதில் என்ன சுவை இருக்கப்போகிறது? ஆனால் இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த மேசையில் படித்ததுதான். யாழ்ப்பாணத்தில் பத்திரிகையைக் கையில் எடுத்ததும் முதலில் அந்தப் பக்கத்தைத் திருப்புகிற வீடுகள் எத்தனையோ. முதற்பக்கத்தில் அமைச்சரின் முதலெழுத்தைப் பிழையாகப் போட்டால் அமைச்சர் வரமாட்டார். மரண அறிவித்தலில் மருமகளின் பெயர் விடுபட்டால், காலை எட்டு மணிக்கு முன்னால் குடும்பமே காரியாலய வாசலில் நிற்கும்.

'காலஞ்சென்ற' என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். "காலஞ்சென்ற கந்தையா, செல்லம்மா தம்பதியரின் அன்பு மகளும்" என்று எழுதிக் கொண்டுவந்து தருவார்கள். கந்தையா இல்லை, சரி. செல்லம்மா இருக்கிறாரா? துக்கத்தில் நிற்கிற மனிதரிடம் அதைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கேட்டே ஆக வேண்டும். இருவரும் இல்லையென்றால் 'காலஞ்சென்றவர்களான'. ஒருமுறை ஒரு பயிலுநர் சகோதரர் வரிசையில் இந்தச் சொல்லை ஒரு பெயர் தள்ளிப் போட்டுவிட்டார். நோர்வேயில் நல்ல சுகத்தோடு இருந்த ஒருவர் எங்கள் பக்கத்தில் இறந்துபோனார். வீட்டுக்கு அழைப்பெடுத்து அழுதவர்களுக்கு அவரே பதில் சொல்லவேண்டியதாயிற்று. அவர் சிரித்துவிட்டு விட்டார். அவருடைய மனைவி சிரிக்கவில்லை. அடுத்த நாள் அதே பக்கத்தில், அதே அளவில், கட்டணமில்லாமல் திருத்திப் போட்டோம். அந்தப் பயிலுநர் இப்போது எங்கள் நீதிமன்றச் செய்திகளைப் பார்க்கிறார். அவர் எழுதிய பெயரை நான் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை.

அறிவித்தலின் கடைசி வரியையும் கவனியுங்கள். 'தகவல்: குடும்பத்தினர்.' கீழே ஒரு தொலைபேசி இலக்கம். யார் சொன்னது, அவரை எங்கே பிடிக்கலாம் என்பது இல்லாமல் ஒரு சாவுகூட எங்கள் பத்திரிகையில் அச்சேறாது. செய்திக்கும் இதே சட்டம்தான். செய்தியில் சிலவேளை அந்த இலக்கத்தை வாசகருக்குக் காட்ட முடியாது. வித்தியாசம் அவ்வளவே.

என்னை இந்தத் தொழிலுக்கு ஆளாக்கியவரை நாங்கள் எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ். நூலகத்தோடு ஈழநாடு பத்திரிகைக் காரியாலயமும் எரிந்து கிடந்ததைப் பார்த்தவர். 1987 ஒக்டோபரில் இந்திய அமைதிப்படை ஈழமுரசு, முரசொலி இரண்டினதும் அச்சகங்களைத் தகர்த்ததையும் பார்த்தவர். இதையெல்லாம் அவர் கதையாகச் சொன்னதில்லை. கேட்டால், "உதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றுவிட்டுத் தாளைக் குனிந்து பார்ப்பார். அவருடைய பாடம் முழுக்க ஒரு சிவப்புப் பேனையிலும் ஒரு கேள்வியிலும் இருந்தது.

"உதை ஆர் சொன்னது?"

"சனம் கதைக்குது அண்ணை."

"சனத்துக்கு ஆர் சொன்னது?"

பேசாமல் நிற்போம்.

"நீர் கண்டனீரோ?"

"இல்லை அண்ணை."

"அப்ப போய்ப் பார்த்திட்டு வாரும், தம்பி."

போய்ப் பார்ப்பதென்றால் சைக்கிள்தான். பருத்தித்துறைக்குப் போக மட்டும் இருபது மைல். போய்வந்து எழுதிய செய்தி நாலு வரியாக முடியும். சிலவேளை ஒன்றுமே நடந்திருக்காது, எழுதவும் ஒன்றும் இருக்காது. அண்ணை அதற்குக் கோபித்ததே இல்லை. ஒன்றும் நடக்கவில்லை என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஆள் தன் மேசைக்கு முன்னால் நிற்பதில் அவருக்கு ஒரு திருப்தி இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

நான் சேர்ந்தது 1991 இல், ஒப்புநோக்காளனாக. மின்சாரம் இல்லை. தொலைபேசி இல்லை. மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் ஈய எழுத்துக் கோப்பார்கள். ஜெனரேற்றருக்கு எண்ணெய் கிடைக்காத நாளில் இயந்திரத்தின் சில்லைக் கையால் சுற்றி அடித்ததும் உண்டு. பொருளாதாரத் தடையில் பத்திரிகைத்தாள் வராமல் போனதும், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சடித்தோம். அந்தத் தாளில் வேலை செய்தவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு தொல்லை இருக்கிறது. எழுத்தின் மேலுள்ள புள்ளி தாளின் நீலக்கோட்டில் போய் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். ஊர்ப் பெயர் மாறும், ஆளின் பெயர் மாறும். புரூவில் சரியாக இருந்தது அச்சில் பிழையாகும். அதனால் முதல் தாள் வந்ததும் தலைப்புகளையும் பெயர்களையும் மட்டும் விளக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் இன்னொரு தரம் பார்ப்போம். புள்ளி கோட்டில் விழுந்திருந்தால் அச்சுக்கோப்பாளர் அந்த வரியை அரை எழுத்தளவு இறக்கிக் கட்டித் தருவார். முனகிக்கொண்டுதான். அந்த மனிதர்கள் இல்லாவிட்டால் எங்கள் எழுத்துக்கு என்ன மதிப்பு? ஈயத்தில் தலைகீழாக வாசித்து, எங்களுக்கு முன்பே எங்கள் பிழையைக் கண்டவர்கள் அவர்கள். செய்தி ஆசிரியரிடம் சொல்லத் தயங்குகிறதை அவர்கள் தயங்காமல் சொல்லுவார்கள்: "உந்த ஆள் முந்தாநாள் செய்தியிலையும் செத்தவரல்லே?"

சுருக்கி எழுதுவதைக் கற்றுத்தந்தது அந்தத் தாள்தான். பக்கங்கள் குறைந்தன, சாவுகள் குறையவில்லை. அரிசி குறைந்த வீட்டில் கல் பொறுக்குவதுபோல அண்ணை சொற்களைப் பொறுக்குவார். 'பெரும் பரபரப்பு ஏற்பட்டுள்ளது', 'மக்கள் அதிர்ச்சியில் உறைந்துள்ளனர்' எல்லாம் போய்விடும். ஆள், ஊர், வயது, நேரம், சொன்னவர். இவ்வளவும் மிஞ்சினால் செய்தி. மிஞ்சாவிட்டால் அதுவும் போகும். இன்று கணினியில் இடத்துக்குக் குறைவில்லை. பரபரப்பும் அதிர்ச்சியும் திரும்பி வந்துவிட்டன. பயிலுநர்களின் செய்தியில் இரண்டையும் நான் இன்னும் வெட்டுகிறேன். பிள்ளைகள் என்னைக் கஞ்சன் என்று நினைக்கலாம்.

வெளிச்செய்தி வானொலியால் வரும். பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் சில்லைக் கையால் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும். மற்றவர் பிபிசி தமிழோசையைக் கேட்டு எழுதுவார். சில்லுச் சுற்றுகிறவருக்குக் கை உளைந்து வேகம் குறைந்தால் செய்தியும் தேயும். தேய்ந்த இடத்தை ஊகித்து நிரப்புவதற்கு அண்ணை விடமாட்டார். கேட்காத வசனத்துக்கு இடம்விட்டு, பக்கத்து வீட்டில் கேட்டவரிடம் போய் விசாரித்து எழுதுவோம். அவரும் கேட்டிருக்காவிட்டால் அந்த வசனம் இல்லாமலே பத்திரிகை வரும்.

அந்தக் காலத்தைப் பெருமையாக மட்டும் சொன்னால் பொய் சொன்னவனாவேன். 1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கொடுத்தது சில மணித்தியாலங்கள். அடுத்த ஆண்டு நான் வேலைக்குச் சேர்ந்தபோது சோனகதெருப் பக்கம் வீடுகள் வெறிச்சோடிக் கிடந்தன. நாங்கள் அதனூடாகச் சைக்கிள் ஓடி வேலைக்கு வந்தோம். மேசையில் அதைப் பற்றித் தாழ்ந்த குரலில் கதைத்தார்கள். எழுத எவரும் துணியவில்லை. பத்திரிகைச் சுதந்திரம் என்றால் கொழும்பை எதிர்த்து எழுதுவது மட்டும்தான் என்று நினைத்து வருகிற பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுவேன். எங்களுடைய மொழி பேசுகிற துப்பாக்கிக்கு முன்னாலும் பேனை மூடித்தான் கிடந்தது. அண்ணை அதைப் பற்றிக் கதைத்தது ஒரே ஒரு தடவைதான். "எழுதேலாமல் போனதை எழுதேலாமல் போனதெண்டு ஞாபகத்தில வைச்சிரும். இல்லாட்டி நடக்கவே இல்லையெண்டு நாங்களே நம்பிப்போடுவம்."

நீதிமன்றச் செய்திக்கு வருவோம். அங்கே பிழைவிட அதிக இடமில்லை. பொலிஸார் பிடித்தவர் சந்தேகநபர். வழக்குத் தாக்கலாகிக் குற்றப்பத்திரம் வாசிக்கப்பட்டவர் எதிரி. தீர்ப்பு வந்து குற்றம் நிரூபணமானால்தான் குற்றவாளி. இந்த மூன்று படியையும் ஒரே பாய்ச்சலில் தாண்டுகிற செய்திகளை இப்போது ஒவ்வொரு நாளும் கைத்தொலைபேசியில் பார்க்கிறேன். பிடித்த கையோடு படமும் பெயரும் ஊரும் வந்துவிடுகின்றன. எங்கள் ஊரில் ஒருவரின் பெயரோடு ஊரைச் சேர்த்துச் சொன்னால் அவருடைய தங்கைக்குப் பேசிவைத்த கலியாணமும் அதோடு நின்றுவிடும். பாலியல் வன்முறைக்கு ஆளானவரை அடையாளம் காட்டக்கூடாதென்று தண்டனைச் சட்டக்கோவையே சொல்கிறது. பெயரை விட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். 'இன்ன பாடசாலையில் பத்தாம் ஆண்டில் கல்வி கற்கும், இன்ன தொழில் செய்பவரின் இரண்டாவது மகள்' என்று எழுதிவிட்டுப் பெயரை மட்டும் மறைத்தால் யாருக்கு மறைத்ததாகும்? கிராமத்துச் செய்தியில் பெயரை எடுத்தால் பாடசாலையையும் எடுக்க வேண்டும், தகப்பனின் தொழிலையும் எடுக்க வேண்டும். செய்தி மூன்று வரியாக வற்றிப்போகும். வற்றட்டும்.

இரண்டு பேர் சொன்னால் உறுதி என்று பயிற்சி வகுப்புகளில் படிப்பிக்கிறார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே ஆளிடம் கேட்டிருந்தால் அது ஒரு வாய்தான். எங்களைப் போன்ற சிறிய இடத்தில் பத்துப் பேர் சொன்னாலும் பல தடவை ஒரு வாய்தான். அதனால் என்ன நடந்தது என்று கேட்பதற்கு முன், 'நீங்கள் எப்படி அறிந்தீர்கள்?' என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ஆட்கள் தடுமாறுகிற விதத்திலேயே பாதி விளங்கிவிடும். பிறகு ஆளை விட்டுவிட்டுத் தாளைத் தேடுங்கள். வைத்தியசாலைப் பதிவு, மரண விசாரணை அதிகாரியின் அறிக்கை, கிராம சேவகரின் கடிதம். ஒரு கடிதத்தின் திகதியும் முத்திரையும் ஆயிரம் வாக்குமூலத்துக்குச் சமம் என்று அண்ணை சொல்லுவார். சற்று மிகைதான். ஆனால் வழக்கு என்று வரும்போது அந்த மிகை காப்பாற்றும்.

திருகோணமலையில் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் செய்ததை இந்த இடத்தில் எப்போதும் சொல்லுவேன். 2006 ஜனவரி 2 ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த குண்டு வெடித்து இறந்தார்கள் என்றது இராணுவத் தரப்பு. சுகிர்தராஜன் பிரேத அறையில் எடுத்த படங்களில் தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்தன. சுடர் ஒளி பத்திரிகை அந்தப் படங்களை வெளியிட்டது. அதன் பிறகு குண்டுக் கதை எடுபடவில்லை. அந்த மாதம் 24 ஆம் திகதி காலை வேலைக்குப் போக வீதியில் நின்றபோது அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் படங்களில் ஓர் அடைமொழி கிடையாது. காயம் எங்கே இருக்கிறதோ அதை நேராகக் காட்டிய படங்கள். பிரேதப் படம் போடலாமா என்று பிள்ளைகள் கேட்கும்போது நான் சொல்லும் விடையும் இதிலிருந்துதான். ஒரு பொய்யை உடைக்க வேறு வழியில்லாதபோது போடலாம். பார்க்கிறவரை உறையவைக்கப் போடுவதென்றால் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் சந்தேகம் வந்தால், இறந்தவரின் தாய் அந்தப் பக்கத்தைத் திருப்புவார் என்பதை நினைத்து முடிவெடுங்கள்.

அவருக்கு முன்னால் மயில்வாகனம் நிமலராஜன். 2000 ஒக்டோபர் தேர்தலில் நடந்த முறைகேடுகளைப் பற்றிச் செய்தி கொடுத்தவர். அந்த மாதம் 19 ஆம் திகதி இரவு, ஊரடங்கு நேரம், யாழ்ப்பாணத்தில் தன் வீட்டு அறையில் எழுதிக்கொண்டிருந்தபோது யன்னலால் சுட்டார்கள். வீட்டுக்குள் கைக்குண்டும் எறிந்தார்கள். சுற்றிவர இராணுவக் காவலரண்கள் இருந்த பகுதி. இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அதற்குப் பிறகு எங்களில் பலர் எழுதுகிற மேசையை யன்னலுக்கு நேரே போடுவதில்லை. வெளியூர் நண்பர்கள் வீட்டுக்கு வந்தால், காற்று வராத மூலையில் ஏன் இருந்து எழுதுகிறீர்கள் என்று கேட்பார்கள்.

குறிப்புப் புத்தகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சோதனைச்சாவடியில் முதலில் புரட்டுவது அதைத்தான். தகவல் தந்தவரின் பெயரை நான் எழுதுவதே இல்லை. அவர் சொன்னதையும் அவர் யார் என்பதையும் ஒரே புத்தகத்தில் வைக்கக்கூடாது. சந்தைக் கணக்குப்போல எழுதிவைத்தவர்கள் உண்டு, கத்தரிக்காய் இவ்வளவு, வெங்காயம் இவ்வளவு என்று. எனக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை. கேட்டதை மனத்தில் வைத்து, வந்ததும் எழுதி, செய்தி வெளியானதும் குறிப்பைக் கிழித்துவிடுவேன். இப்போது எல்லாம் தொலைபேசியில் இருக்கிறது. பெயர், இலக்கம், குரல், போன இடம், எல்லாமே. பிள்ளைகளிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: பயந்து கொண்டு கதைக்கிற ஒருவரைச் சந்திக்கப் போகும்போது அதை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அம்மா அழைப்பெடுத்தால் பிறகு கதைக்கலாம்.

எழுதியவருக்கு மட்டும்தான் ஆபத்து என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பதுண்டு. 2006 மே மாதத்தில் உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள் மாநாட்டை யுனெஸ்கோ கொழும்பில் நடத்தியது. மே 2 ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணத்தில் உதயன் காரியாலயத்துக்குள் துப்பாக்கிகளோடு புகுந்தார்கள். கொல்லப்பட்ட இருவரும் செய்தி எழுதுகிறவர்கள் அல்லர், விற்பனை, விநியோகப் பக்கத்து ஊழியர்கள். அந்த ஓகஸ்ட்டில் அந்தப் பத்திரிகையின் விநியோக வாகனச் சாரதியும் சுட்டுக் கொல்லப்பட்டார். மே 3 ஆம் திகதி காலை உதயன் வெளிவந்தது. இரத்தம் கழுவாத கட்டடத்துக்குள் இருந்து ஒரு பக்கத்தைக் கட்டி அனுப்புவது என்ன வேலை என்று அச்சகத்தில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். உலகப் பத்திரிகைச் சுதந்திரச் சுட்டியில் எங்கள் நாடு 2024 இல் 180 நாடுகளில் 150 ஆவது, 2025 இல் 139 ஆவது என்று வந்தது. ஏறினாலும் இறங்கினாலும் நாங்கள் அதை உள்பக்கத்தில் ஒரு பத்தியில் போடுகிறோம். விடியப்புறம் மூன்று மணிக்குக் கட்டுகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகிற பொடியனுக்கு அந்த இலக்கத்தால் ஒன்றும் ஆவதில்லை.

யுத்தம் முடிந்து விட்டதே, இனி என்ன என்பார்கள். முடிந்த அந்த ஆண்டு ஓகஸ்ட்டில்தான் ஊடகவியலாளர் ஜே. எஸ். திஸ்ஸநாயகத்துக்கு, எழுதிய கட்டுரைகளுக்காகவும் இதழுக்குப் பணம் திரட்டியதற்காகவும், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 20 ஆண்டு கடூழியச் சிறை விதித்தார்கள். அடுத்த ஆண்டு மன்னிப்பு வந்தது. 2020 ஒக்டோபரில் முல்லைத்தீவில் மரக்கடத்தலைப் பற்றிச் செய்தி சேகரிக்கப் போன இரண்டு செய்தியாளர்களை அடித்தார்கள். மரம், மணல், காணி, கடல். இப்போது அடி விழுகிற செய்திகள் இவைதான். அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் பிரதேச செய்தியாளர்கள். தனியாகப் போவார்கள். அடித்தவரும் அடிபட்டவரும் அடுத்த நாள் ஒரே கடையில் தேநீர் குடிக்க வேண்டியிருக்கும். ஆகவே இப்படிப்பட்ட இடத்துக்கு வேறு பத்திரிகைக்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். செய்தியை முந்திக் கொடுக்கிற ஆசையைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டிவரும்.

சிறிய ஊரில் ஒழுக்கம் என்பது பெரும்பாலும் சொந்தக்காரரோடு வருகிற சிக்கல்தான். பிரதேச சபைத் தவிசாளர் மச்சான்முறை. ஒப்பந்தகாரர் கூடப் படித்தவர். மீனவர் சங்கத்துச் செயலாளரே எங்கள் செய்தியாளர். எல்லோரையும் ஒதுக்கிவிட்டு எழுத ஆள் கிடைக்காது. நாங்கள் கைக்கொள்வது ஒரு சாதாரண வழி: உமக்கு வேண்டியவரைப் பற்றிய செய்தியைக் கொண்டு வாரும், ஆனால் எழுதுகிறவர் வேறொருவர். விளம்பரம் இன்னும் கஷ்டம். செய்தியாளரே விளம்பரமும் பிடித்துத் தரகுப்பணம் எடுக்கிற வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. அந்தத் தரகு அவருடைய செய்திக்கூலியை விட அதிகம். கடைக்காரரிடம் காலையில் விளம்பரம் கேட்ட வாயால் மாலையில் காலாவதியான மாப்பக்கற்றைப் பற்றி எப்படிக் கேட்பார்? அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் மேல்தான் கோபம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது நல்ல காரியம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஏன் கேட்கிறாய் என்று எவரும் உங்களிடம் கேட்க முடியாது. 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. ஆனால் கேட்கத் தெரிந்து கேட்க வேண்டும். 'இந்த வீதி ஏன் இவ்வளவு கெதியில் பழுதானது?' என்று கேட்டால் ஒரு பக்க நியாயம் வரும், தகவல் வராது. மதிப்பீட்டின் பிரதி, ஒப்பந்தத்தின் பிரதி, வேலை முடிந்ததென்று கையொப்பமிட்ட அறிக்கையின் பிரதி, காசு கொடுத்த வவுச்சரின் பிரதி. நான்கையும் தனித்தனி விண்ணப்பமாகப் போடுங்கள். ஒன்றாகக் கேட்டால் ஒன்றைச் சாட்டி நான்கையும் பிடித்து வைப்பார்கள். ஒரு திணைக்களம் எங்கள் தமிழ் விண்ணப்பத்துக்குச் சிங்களத்தில் பதில் அனுப்பியது. நாங்கள் அதை மொழிபெயர்க்கவில்லை. தமிழில் தாருங்கள் என்று திருப்பி எழுதினோம். இரண்டு மாதம் போனது, வந்தது தமிழில். வந்த தாளில் மதிப்பீட்டில் ஒரு நீளமும் முடிவறிக்கையில் இன்னொரு நீளமும் இருந்தன. பயிலுநர் ஒருவரை அளவு நாடாவோடு அனுப்பினோம். வீதி இரண்டுக்கும் குறைவாக இருந்தது. அந்தச் செய்தியில் நாங்கள் 'ஊழல்' என்ற சொல்லைப் போடவில்லை. மூன்று நீளங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டோம். வக்கீல் கடிதம் வரவில்லை. வீதிக்கு மிச்சத் தார் வந்தது.

இனிக் கூலி. இதைக் கடைசியில் சொல்வது மரியாதைக்காக இல்லை. முதலில் சொன்னால் பாதிப்பேர் போய்விடுவீர்கள். பிரதேச செய்தியாளருக்குச் செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. வெளிவந்தால்தான் காசு. மரண விசாரணைக்கு முழு நாளும் நின்று எழுதியது இடமில்லாமல் நின்றுபோனால் பெற்றோல் செலவும் கையால். 2022 இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றுவிட்டுச் செய்தி சேகரித்தவர்கள் எங்களிடம் இருந்தார்கள். அந்த மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் கொழும்பில் 'த ஐலண்ட்', 'திவயின' சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்திவைத்தன. நாங்கள் பக்கங்களைக் குறைத்தோம். பழகிய கை. பக்கம் குறைந்ததால் செய்தியாளருக்குக் கூலியும் குறைந்தது. அதற்குப் பழகிய வயிறு எவருக்கும் இல்லை. இரண்டு மூன்று நல்ல கைகள் அந்த ஆண்டே வெளிநாடு போய்விட்டன.

ஆகவே சேருகிற அன்றே நியமனக் கடிதம் கேளுங்கள். கேட்டால் கோபிப்பார்கள் என்று பயப்பட வேண்டாம், கோபிக்கத்தான் செய்வார்கள். மாதச் சம்பளம் என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் வெட்டப்படும், முதலாளி 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் முழுக்க அவருடையது. வெட்டியதைக் கட்டினார்களா என்று உங்கள் உறுப்பினர் இலக்கத்தைக் கொண்டு தொழில் திணைக்களத்தில் விசாரியுங்கள். இதுவும் 'ஆர் சொன்னது' என்ற கேள்விதான், உங்கள் சொந்தக் காரியத்தில். அரசாங்கத் தகவல் திணைக்களத்தின் ஊடக அடையாள அட்டையை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கடிதத்தை நிறுவனத்திடம் டிசம்பருக்கு முன்னரே வாங்கிவையுங்கள். செய்திக்கூலியில் வேலை செய்கிறவர்கள், வெளிவந்த ஒவ்வொன்றையும் திகதியோடு வெட்டி ஒரு கொப்பியில் ஒட்டுங்கள். மாத முடிவில் கணக்குப் பகுதியில் உள்ளவர் ஏழு என்பார், உங்களிடம் பதினொன்று இருக்கும். கொப்பியை மேசையில் வைத்துவிட்டு, அவர் எண்ணி முடிக்கும்வரை கதிரையை விட்டு எழும்பாமல் இருங்கள்.